மூன்றாவது உம்

தசரதனின் தறிக்கூடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது 1979 ஐப்பசிக் கடைசியில். பெரணமல்லூர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. ஆரணித் தெருக்களில் வீட்டுக்கு வீடு தறிச்சத்தம். சாக்கடையில் ஒரு ஓரம் மஞ்சளாகவும் ஒரு ஓரம் அரக்காகவும் சாயத் தண்ணீர் ஓடியது. என் பையில் இரண்டு வேட்டியும் பாதி படித்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலும் இருந்தன.

பழைய வீடு. முன்பக்கம் தசரதனின் குடும்பம், பின்பக்கம் நீளமான கூடம். கூடத்தில் மூன்று குழித்தறிகள். தறிக்கு முன்னால் இடுப்பளவுப் பள்ளம் இருக்கும். நெசவாளி அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு, கீழே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். கைகள் வெளிச்சத்தில் வேலை செய்யும். கால்கள் இருட்டில் வேலை செய்யும்.

ஒரு தறியில் மணவாளன் இருந்தார். நாற்பதை நெருங்கியவர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். வலது காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"குப்புராஜுதான? வா தம்பி. உனக்கு அந்தத் தறி."

அவர் காட்டியது ஜன்னலோரத் தறி. கூடத்திலேயே நல்ல வெளிச்சம் விழும் இடம் அதுதான். வந்த அன்றே புது ஆளுக்கு அதைத் தருவார்களா? எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

"காலுக்கு என்னண்ணே?"

"மரத்துப்போவுது. மொதல்ல வெரலு, அப்பால பாதம், இப்ப முட்டி வரைக்கும் வந்துட்ச்சி. வேலூரு ஆஸ்பத்திரில ஊசியால குத்திப் பாத்தாங்க. ஒண்ணும் தெரியல." சிரிக்க முயன்றார். "ஒரு கால வெச்சிகினு தறி மிதிக்க முடியுமா, நீயே சொல்லு. என் ஊட்டுக்காரி தெய்வநாயகிக்கு இது ஏழாவது மாசம்."

அடுத்த தறியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "வந்தவன ஒக்காரக்கூட உடல, அதுக்குள்ள கால காட்டிகினு நிக்கற." அவள் உண்ணாமலை. வாயில் வெற்றிலை, காதில் சொருகிய பென்சில். அவள் கண் என் பையிலிருந்து எட்டிப்பார்த்த நாவலின் மேல் இருந்தது. "படிக்கிற கேஸா நீயி? சரியாப் பூட்ச்சி. இங்க நாங்க ரெண்டு பேரும் அதே கேஸுதான்."

அவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மார்க்கெட் பக்கத்து வாடகை நூல் நிலையத்தில் ஆளுக்கு ஒரு புத்தகம் எடுப்பார்கள். சாகசக் கதை, மாயாஜாலக் கதை, அதுவும் வெளிநாட்டுக் கதையின் மொழிபெயர்ப்பு என்றால் விடமாட்டார்கள். அமாவாசையன்று தறி ஓடாது. அன்று மத்தியானம் தறிக்காரர்கள் கூடத்தில் கூடி, யார் என்ன படிக்கிறார்கள், கதை எதுவரை வந்திருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர்கள் உம் கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும்.

உட்கார வேறு இடம் இல்லை. அவரவர் தறியிலேயே குழியில் காலை விட்டுக்கொண்டு உட்காருவார்கள். தசரதனுக்கு அது பிடிக்காது. "தறி ஓயற நாள்ல குழில கால வெக்காதீங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போவார். யாரும் கேட்டதில்லை.

"இந்தத் தறில எனக்கு முன்னாடி யாரு?" என்று கேட்டேன்.

"வேணுகோபால்னு ஒருத்தரு. காஞ்சிபுரம் பூட்டாரு" என்றார் மணவாளன்.

சாயங்காலம் கிணற்றடியில் உண்ணாமலையிடம் அதையே கேட்டேன். அவர் பெங்களூரில் பட்டு மில்லுக்குப் போனதாக அவள் சொன்னாள்.

தசரதன் மூன்றாவது பதில் சொன்னார். உடம்பு சரியில்லாமல் ஊரோடு போய்விட்டாராம்.

மறுநாள் உண்ணாமலை என் தறிக்கு மேலிருந்த பலகையில் கைவிட்டு, பழுப்புத்தாள் அட்டை போட்ட தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"உன்னுத முடிச்சதும் இதப் படி. இத நீதான் சொல்லணும்."

"நான்தான்னா?"

"ஜன்னலாண்ட ஒக்கார்றவன்தான் சொல்லணும்." அதற்குமேல் அவள் என்னைப் பார்க்கவில்லை.

மணலுக்கு அடியில் புதைந்த ஒரு நகரத்தைத் தேடி ஏழு பேர் பாலைவனத்தில் போகும் கதை. நான் என் நாவலை அப்படியே விட்டுவிட்டு அதில் விழுந்தேன்.

கார்த்திகை அமாவாசை வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டு, மத்தியானமே கூடம் மங்கிவிட்டது. பசை போக வேகவைத்து வடித்த பட்டின் வாடையும் ஈரமண் வாடையும் கலந்து வந்தன.

உண்ணாமலை முதலில் சொன்னாள். ஒரு தீவில் ராட்சசப் பறவையின் முட்டையைத் திருடப் போன கொள்ளைக்காரி, முட்டை பொரிந்து வந்த குஞ்சையே வளர்க்கிறாளாம்.

"உன்ன மாதிரி ஒருத்தி" என்றார் மணவாளன்.

"உம் மட்டும் கொட்டு. நொட்டை சொல்லாத."

பிறகு மணவாளன். பனிமலையில் தந்திக்கம்பி இழுத்துக்கொண்டு போகும் பட்டாளத்துக்காரர்களின் கதை. அவர் காலில் உணர்ச்சி போனதாலோ என்னவோ, பனியில் விரல் கருகிய சிப்பாயைப் பற்றிச் சொல்லும்போது குரல் தணிந்தது.

என் முறை வந்தது. குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி ஆரம்பித்தேன். "மணல்ல ஒரு வறண்ட கிணறு. ஏழு பேரும் அதுக்குள்ள படி எறங்கறாங்க."

"உம்" என்றார் மணவாளன்.

"உம்" என்றாள் உண்ணாமலை.

"உம்."

நான் நிறுத்தினேன்.

மூன்றாவது உம் கிட்டத்தில் கேட்டது. தணிந்த ஆண் குரல். என் முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

"ஏன் நிறுத்திட்ட? சொல்லு" என்றாள் உண்ணாமலை. மணவாளன் தன் வலது காலை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

புது ஆளை வைத்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் போன பிறகு டார்ச் அடித்துக் குழிக்குள் இறங்கினேன். இரண்டு மிதிகள், கயிறுகள், ஈரச்சுவர். பக்கத்துக் குழிக்குப் போக எலி வளைகூட இல்லை.

மார்கழி அமாவாசையில் கதை சொல்லும்போது இருவர் வாயையும் விடாமல் பார்த்துக்கொண்டே சொன்னேன். உண்ணாமலை உம் கொட்டினாள், வெற்றிலை நிறைந்த வாயை மூடினாள். மணவாளன் உம் கொட்டினார், உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"உம்."

இந்த முறை அதோடு குளிர்ச்சியும் வந்தது. மழைக்காலத்துக் குளிர் இல்லை. குதிகாலைச் சுற்றி ஒரு கை மூடுவதுபோல் வந்த குளிர். நான் வேகமாகச் சொன்னால் அது தளர்ந்தது. மூச்சு வாங்க நின்றால் இறுகியது.

பயத்தைவிடச் சந்தேகம்தான் எனக்கு அதிகம் இருந்தது. இவர்களுக்கு இது தெரியும். தெரிந்துதான் என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஓடிப்போகவில்லை. ஏழு பேரும் படியிறங்கி ஒரு கதவை எட்டியிருந்தார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

அடுத்த வாரமே தெரிந்துபோனது. தலைவன் கதவைத் தட்டுகிறான். உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளைத் தொடும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பக்கங்கள் இல்லை. தையல் நூலோடு கிழிந்து போயிருந்தன.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு நூல் நிலையத்துக்கு ஓடினேன். அதை நடத்திய பரசுராமன் அட்டையைப் பார்த்ததுமே புத்தகத்தைத் தொடாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"இது எப்பிடி உங்கையில?"

"வேற பிரதி இருக்குதுங்களா? கடைசி பக்கம் இல்ல."

"பழைய பேப்பர் கடையில எடுத்தப்பவே இல்ல. அவரும் இதையே கேட்டு கேட்டு என்ன பேஜார் பண்ணிட்டாரு. கண்ணமங்கலம், வேலூருன்னு தேடாத கடையில்ல."

"யாருங்க?"

"வேணுகோபால். உங்க கூடத்துல இருந்தவரு." குரலைத் தாழ்த்தினார். "ஜொரத்தோட தறில ஒக்காந்திருக்காரு. காலைல பாத்தா, நெய்ஞ்ச துணி மேல தலைய சாச்சிகினு உசுரு போயிருந்திச்சி. காலு குழியிலயே இருந்திச்சாம். உங்கிட்ட யாரும் சொல்லலியா?"

நான் திரும்பியபோது இருவரும் நெய்துகொண்டிருந்தார்கள். ஜன்னலோரத் தறியில் புத்தகத்தைப் போட்டேன். சத்தம் நின்றது.

"காஞ்சிபுரமா, பெங்களூரா?" என்றேன்.

உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள். மணவாளன் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கினார். வலது கால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். கிணற்றுக்கல்லின் குளிர்ச்சி.

"அவரு செத்தப்பறம் நான்தான் அங்க ஒக்காந்தேன். நல்ல வெளிச்சம்னு. அமாவாசைக்கு அந்தக் கதையத்தான் சொன்னேன். அந்தக் கதவு வரைக்கும் வந்து, பக்கம் இல்லன்னு நிறுத்தனேன் பாரு, அன்னிக்குப் புடிச்சது. தறி மாத்திகினு வந்தும் உடல."

"அதனால என்னப் புடிச்சி ஒக்கார வெச்சீங்க."

"நீ நெறைய படிச்சவன். எங்கியாச்சும் முடிவ தேடிப் புடிச்சிடுவன்னு நெனச்சேன். முடிவு கேட்டுட்டா உட்டுடுவாரு தம்பி. அவரு கெட்டவரு இல்ல." அவர் குரல் உடைந்தது. "தொடை வரைக்கும் வந்துட்ச்சின்னா, பொறக்கப்போற புள்ளைய நான் எப்பிடித் தூக்குவேன்?"

எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. ஆனால் அந்தக் காலைத் தொட்ட என் விரல்கள் வெகுநேரம் சூடேறவில்லை.

முடிவு எங்கும் கிடைக்கவில்லை. உண்ணாமலைதான் வழி சொன்னாள். "நீயே ஒண்ணு கட்டிச் சொல்லிடேன். அவரு இன்னா, புத்தகத்த வெச்சி சரி பாக்கப் போறாரா?"

நானும் ஒத்துக்கொண்டேன். வாங்கிப் படித்த கதைகளை எல்லாம் மனசுக்குள் வேறு மாதிரி முடித்துப் பார்ப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். இதிலும் ஒரு முடிவைக் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். மணவாளனும் நம்பினார்.

தை அமாவாசை. காலையில் ஊரே செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டு வந்திருந்தது. மத்தியான வெயில் சாய்ந்த பிறகு நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அந்த அமைதியில் உண்ணாமலை வெற்றிலை மெல்லுவதுகூடக் கேட்டது.

நான் குழியில் காலை விட்டேன். குளிர் காத்துக்கொண்டிருந்தது.

"தலைவன் கதவத் தட்டறான்."

"உம்."

"உம்."

"உம்."

"தாழ்ப்பாள் தொறக்குது. உள்ள தங்கத்தால செஞ்ச நகரம். யாரும் இல்ல. ஏழு பேரும் தூக்க முடிஞ்சத தூக்கிகினு அதே படி ஏறி வெளிய வராங்க. ஒட்டகம் நிக்குது. ஊரு போய்ச் சேந்து நல்லா இருந்தாங்க. கத முடிஞ்சிது."

மணவாளன் உம் கொட்டினார். உண்ணாமலையும் கொட்டினாள்.

மூன்றாவது வரவில்லை.

காத்திருந்தோம். ஜன்னல் கம்பியின் நிழல் என் தறியின் மேல் இருந்து மெல்ல நகர்ந்து சுவரில் ஏறியது.

கீழே ஒரு சத்தம். தாளைப் புரட்டும் சத்தம். ஒரு பக்கம். இன்னொரு பக்கம்.

"இல்லை" என்றது குரல்.

"இன்னா சொல்றாரு?" என்று என் முகத்தைப் பார்த்து மணவாளன் கிசுகிசுத்தார். அவர்களுக்குக் கேட்கவில்லை. ஜன்னலோரக் குழியில் கால் வைத்திருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

குரல் பேசவில்லை, வாசித்தது. புத்தகத்தில் இருப்பதுபோலவே, அச்சுத் தமிழில், நிறுத்தி நிறுத்தி.

"கதவு திறந்தது. உள்ளே இருந்தவர்கள் அவர்களை எண்ணினார்கள். ஏழு பேர்தான் இருக்கிறீர்கள், எட்டுப் பேருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்றார்கள். ஆகவே எல்லோரும் படியிலேயே காத்திருந்தார்கள்."

நான் காலை இழுத்தேன். வரவில்லை.

"நெடுநேரம் கழித்து மேலே காலடி கேட்டது. ஒருவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். வலது காலை இழுத்து இழுத்து வந்தான். அவன் நெருங்க நெருங்க அந்தக் கால் சரியாகிக்கொண்டே வந்தது."

பக்கம் புரண்டது.

என் வாய் தானாக "உம்" என்றது.

பிடி விட்டது. நான் பின்னால் விழுந்தேன். அதே நேரத்தில் மணவாளன் கத்தினார்.

"சுடுது. அய்யோ, காலு சுடுது."

அவர் எழுந்து நின்றார். இரண்டு காலையும் ஊன்றி நின்றார். தரையை மிதித்துப் பார்த்தார், மறுபடி மிதித்தார். வெளுத்திருந்த கெண்டைக்காலில் ரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. உண்ணாமலை தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். மணவாளன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அண்ணே, சந்தோஷப்படாதீங்க" என்றேன். கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "ஆரணிய உட்டு எங்கியாச்சும் போயிடுங்க. தறியே இல்லாத ஊரா பாத்துப் போங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"இப்பதான ஒட்டகம் நின்னுது, ஊரு போய்ச் சேந்தாங்கன்னு ஒரு கத கட்டன. அதுக்குள்ள இன்னொண்ணா?"

"அது நான் கட்டனது. இது அவரு சொன்னது."

"எனக்கும் உண்ணாமலைக்கும் கேக்காதது உனக்கு மட்டும் கேட்டுதா?" அவர் கையை விட்டுவிட்டார். "உன்ன அங்க ஒக்கார வெச்ச கோவம் உனக்கு இருக்கும். அதுக்காக வயித்துல புள்ள இருக்கற ஊட்ட பயமுறுத்தாத தம்பி. நான் போயிட்டா என் தறியும் உனக்குன்னு பாக்கறியா?"

உண்ணாமலை என் பக்கம் பேசுவாள் என்று பார்த்தேன். அவளும் சந்தேகத்தோடுதான் என்னைப் பார்த்தாள். "உனக்குக் கத கட்ட வரும்னு எங்களுக்குத் தெரியுமே" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மணவாளன் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் போனார். இரண்டு காலும் மிதியில் ஓடின. என்னோடு பேசவில்லை. நான் ஜன்னலோரத் தறியில் உட்கார மாட்டேன் என்று தசரதனிடம் சொல்லிவிட்டு, பாவு நூல்களை முடிச்சுப் போட்டுப் பிணைக்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். ஒருநாள் மணவாளன் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கவனித்தேன்.

"அங்க போவாதீங்கண்ணே" என்றேன்.

"வேலையப் பாரு."

மறுநாள் நன்றாக விடிந்த பிறகு நான் வந்தபோது, தெய்வநாயகி கூடத்து வாசலில் நின்றிருந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கியிருந்தாள். உண்ணாமலை அவளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளி மொளைக்கச்சொல்லவே எழுந்து வந்தாரு. ஜன்னலாண்ட தறில வெளிச்சம் நல்லா இருக்கும், ரெண்டு மொழம் அதிகமா நெய்ஞ்சிடலாம்னு சொன்னாரு. சோறு எடுத்தாந்தேன். ஆளக் காணும். செருப்பு மட்டும் கெடக்குது தம்பி."

செருப்பு ஜோடியாக, ஒழுங்காகக் குழியோரத்தில் இருந்தது. தறியில் அரை முழம் புதிதாக நெய்திருந்தது. ஊடை நூலோடு ஓடும் நாடா பாதி வழியில் நின்றிருந்தது.

"எங்கியாச்சும் டீ குடிக்கப் போயிருப்பான்" என்றாள் உண்ணாமலை. அவள் குரலில் அந்த நம்பிக்கை இல்லை. என்னைப் பார்த்தாள். இந்த முறை அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். மிதிகள், கயிறுகள், ஈரச்சுவர். கேட்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டேன்.

"மணவாளண்ணே" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

பதில் இல்லை. குளிரும் இல்லை. குழி சும்மா இருந்தது.

"இன்னா தம்பி, எதுனா தெரியுதா?" என்று வாசலிலிருந்து தெய்வநாயகி கேட்டாள்.

ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இடது மிதியின் மேல் என் காலை ஊன்றி எழப்போனேன்.

வலது மிதி தானாகக் கீழே இறங்கியது.

மறுபடி ஏறியது. மறுபடி இறங்கியது. நெசவு தெரிந்த கால்தான் அப்படி மிதிக்கும்.

நான் மெல்ல என் வலது பாதத்தை அந்த மிதியை நோக்கி நகர்த்தினேன். மரத்தைத் தொடும் முன்னால் தோல் பட்டது. விரல்கள், புறங்கால், கணுக்கால்.

அது சூடாக இருந்தது.